பஹாவ்: 6 வயதுப் பையனுக்கு ஆட்டிசம், அடுத்த வருஷம் பள்ளி. பிபிகேஐயா (பள்ளிக்குள் நடக்கும் சிறப்புக் கல்வி வகுப்பு), தமிழ்ப்பள்ளியா? வீட்டில் என்ன பழக்குவது?

தோட்டத்துஅம்மா

வணக்கம். பஹாவ் (மலேசியா, நெகிரி செம்பிலான்) பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். பையனுக்கு 6 வயது. ஆட்டிசம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், கடிதமும் இருக்கிறது. ஓகேயூ அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) இன்னும் எடுக்கவில்லை.

பேச்சு நான்கைந்து சொல்தான்: தண்ணி, வேணாம், காடி (கார்), போ. மற்றதற்கெல்லாம் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். கரண்டி பிடித்துச் சாப்பிடுவான். குளிக்க, சட்டை போட ஆள் வேண்டும். பகலிலும் பம்பர்ஸ்தான் (டயாபர்).

அடுத்த ஜனவரியில் முதலாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளியில் சாதாரண வகுப்பில் போடலாமா, சிறப்புக் கல்வி வகுப்பா? எங்கே போய்ப் பதிய வேண்டும்? பள்ளி திறப்பதற்குள் வீட்டில் எதை முதலில் பழக்குவது? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து எதுவுமே நிற்கவில்லை.

---

கரும்பலகை

அக்கா, முதலில் காகித வேலை. இதில் வரிசை தப்பினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

ஓகேயூ அட்டைதான் முதல் படி. ஜேகேஎம் (சமூக நல இலாகா) அலுவலகத்தில் பாரம் கிடைக்கும், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. உங்களிடம் இருக்கும் மருத்துவர் கடிதம் வேறு, அந்தப் பாரத்தில் மருத்துவர் நிரப்ப வேண்டிய பகுதி வேறு. கடிதத்தை மட்டும் பின் பண்ணிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருபவர்கள்தான் அதிகம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே பாரத்தைக் கையோடு கொண்டுபோய் நிரப்பிக் கையெழுத்து, முத்திரை இரண்டையும் வாங்கிவிடுங்கள். ஆட்டிசத்துக்குத் தனிப் பிரிவு இல்லை, 'மசாலாஹ் பெம்பெலாஜாரான்', அதாவது கற்றல் குறைபாடு என்ற பிரிவில் போடுவார்கள். அந்தப் பெயரைப் பார்த்து மனம் உடையாதீர்கள், அது அலமாரியின் பெயர், பிள்ளையின் பெயர் அல்ல.

இரண்டாவது, மாவட்டக் கல்வி அலுவலகம். அங்கே சிறப்புக் கல்விக்கு என்று ஓர் அதிகாரி இருப்பார். எந்தப் பள்ளியில் பிபிகேஐ இருக்கிறது, இடம் இருக்கிறதா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். எல்லாப் பள்ளியிலும் இந்த வகுப்பு இல்லை, தமிழ்ப்பள்ளிகளில் இன்னும் குறைவு. பக்கத்து வீட்டில் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. 2013 சிறப்புக் கல்வி விதிமுறைப்படி மூன்று வழி உண்டு: சிறப்புக் கல்விப் பள்ளி, சாதாரணப் பள்ளிக்குள் தனி வகுப்பாக நடக்கும் பிபிகேஐ, சாதாரண வகுப்பிலேயே மற்றப் பிள்ளைகளோடு உட்காரும் இன்க்ளூசிஃப். நான்கு சொல் பேச்சும் பம்பர்ஸுமாக இருக்கும் பிள்ளையை முப்பது பேர் வகுப்பில் விட்டால் ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் இல்லாமலேயே அவன் ஒரு மூலைக்குப் போய்விடுவான். பிபிகேஐயில் ஆரம்பித்து, இசை, உடற்கல்வி மாதிரிச் சில பாடங்களுக்கு மட்டும் சாதாரண வகுப்புக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அது பகுதி இன்க்ளூசிஃப், கல்வி அமைச்சின் வழிகாட்டியில் இருப்பதுதான், சலுகை அல்ல. நன்றாகப் போனால் பாடங்களைக் கூட்டிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து இதை வாய்விட்டுக் கேட்கும் பெற்றோருக்குத்தான் இது நடக்கிறது.

சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்கு மேற்படாத ஒரு சோதனைக் காலம் உண்டு. அதற்குள் பிள்ளைக்கு இந்த வகுப்பு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். 2019 முதல் எந்தப் பிள்ளையையும் பள்ளி நிராகரிக்கக் கூடாது என்ற கொள்கை நடப்பில் இருக்கிறது. 'பம்பர்ஸ் போடுகிறான், பிறகு வாருங்கள்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறும்.

சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகை உண்டு, வங்கிக் கணக்கு கேட்பார்கள். வகுப்பில் இருக்கும் பிபிஎம் (ஆசிரியருக்கு உதவும் மாணவர் உதவியாளர்) மொத்த வகுப்புக்கும் பொது, உங்கள் பையனுக்கு மட்டும் ஆள் அல்ல. இது தெரியாமல் எதிர்பார்த்துப் போய்ப் பிறகு சண்டை வருகிறது.

ஆர்பிஐ என்று ஒரு காகிதம் போடுவார்கள், பிள்ளைக்கான தனித் திட்டம். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். 'சுயமாக உண்ணப் பழகுவான்' என்று எழுதியிருந்தால் அதை யாரும் அளக்க முடியாது. 'இடைவேளையில் தானே டப்பாவைத் திறந்து, கரண்டியால் சாப்பிட்டு, டப்பாவைப் பையில் வைப்பான், வாரம் 5 நாளில் 4 நாள், யாரும் சொல்லாமல்' என்று இருந்தால் ஜூன் மாதம் கேட்க முடியும்: நடந்ததா, இல்லையா?

---

பாதாம்பிசின்

கரும்பலகை அண்ணன் காகிதத்தைச் சொல்லிவிட்டார், நான் குளியலறைக்குள் போகிறேன்.

அக்கா, 'எல்லாவற்றையும் ஒரே நேரத்தில்' என்று சொன்னீர்களே, பிரச்சினை அதுதான். இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை ஒன்று, குளியல் அல்லது உடை ஒன்று. மற்றதை இப்போது செய்வது போலவே நீங்கள் செய்துவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

குளியலை உடைத்துப் பாருங்கள். கதவைச் சாத்துவது, உடையைக் கழற்றி அழுக்குக் கூடையில் போடுவது, தண்ணீர் ஊற்றுவது, சோப்பு, மறுபடி தண்ணீர், துண்டு, உடை. நமக்கு 'போய்க் குளி' என்பது ஒரு வேலை. அவனுக்கு அது ஏழு வேலை, ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னும் நாலு. முதலில் நீங்களே ஒருமுறை குளித்து, கை என்னென்ன செய்கிறது என்று எழுதுங்கள். எழுதும்போதுதான் தெரியும், 'துடைப்பது' என்பதில் முதுகு எவ்வளவு கஷ்டம் என்று.

கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள். சட்டையை எடுத்துக்கொள்வோம். தலை, இரண்டு கை எல்லாம் நீங்கள் மாட்டிவிடுங்கள். வயிற்றுக்கு மேல் சுருண்டு நிற்கும் சட்டையைக் கீழே இழுப்பது மட்டும் அவன் வேலை. இழுத்தவுடன் வேலை முடிந்தது, பிடித்தது கிடைக்கும். மூன்று நாள் தொடர்ந்து தானே இழுத்தால், அடுத்து இரண்டாவது கையையும் அவனிடம் விடுங்கள். முதல் படியிலிருந்து தொடங்கினால் அவன் ஆரம்பித்து நீங்கள் முடிப்பீர்கள். முடித்த சந்தோஷம் அவனுக்குக் கிடைக்காது.

உதவும்போது பின்னால் நில்லுங்கள், பேசாதீர்கள். இது எல்லோரும் தவறுகிற இடம். 'கையை விடு, ம், இழு, இன்னும் இழு' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தக் குரலும் சட்டை போடுவதில் ஒரு படியாகிவிடும். பிறகு குரல் இல்லாமல் கை நகராது. கை உதவியை மெல்லக் குறைக்கலாம்: கை மேல் கை, பிறகு மணிக்கட்டில், பிறகு முழங்கையில் ஒரு தொடுதல், பிறகு ஒன்றுமில்லை. வாய் உதவியைக் குறைப்பதுதான் ரொம்பக் கஷ்டம். ஒவ்வொரு உதவிக்கும் முன் மனதுக்குள் 5 எண்ணுங்கள். அவன் கையை உதறினால் உடனே விட்டுவிடுங்கள், உங்கள் கையை அவன் கைக்குக் கீழே வைத்து அவன் மேலே பிடிக்கட்டும்.

இனித் தண்ணீர். வாளியும் குவளையும் கொடுத்தால் வாளி காலியாகும்வரை ஊற்றுவான், ஏனென்றால் எப்போது முடியும் என்று அவனுக்குத் தெரியாது. வாளி விளிம்பில் துணி மாட்டும் கிளிப் 10 மாட்டுங்கள். ஒரு குவளை ஊற்றினால் ஒரு கிளிப்பைக் கழற்றி டப்பாவில் போட வேண்டும். விளிம்பு காலி என்றால் ஊற்றுவது முடிந்தது. எண்ணத் தெரிய வேண்டியதே இல்லை. ஷவர் இருந்தால் இந்த முறை சரிப்படாது, பழகும்வரை வாளியே நல்லது.

கட்டி சோப்பு வழுக்கும், விழுந்தால் சோப்பு வேட்டையாகிவிடும். பம்ப் வைத்த சோப்புத் திரவம் எடுங்கள். ஆனால் அமுக்கிக்கொண்டே இருப்பான். பம்பின் கழுத்தில், தலை கீழே இறங்கும் அந்தத் தண்டில், ரப்பர் பேண்டை நான்கைந்து சுற்று இறுக்கிச் சுற்றினால் முழுதாக அமுங்காது, ஒரு அமுக்குக்குக் கொஞ்சம்தான் வரும். (ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு நான் ரப்பர் பேண்ட் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

கடைசியாக ஒன்று, சின்னதாகத் தெரியும் ஆனால் பெரியது. கதவைச் சாத்துவதையும், துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வருவதையும் இப்போதே வரிசையில் சேருங்கள். 6 வயதில் அம்மணமாக ஹாலுக்கு ஓடி வந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். அதே பழக்கம் 13 வயதில் இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், ஆனால் மாற்றுவது பத்து மடங்கு கஷ்டம்.

---

தோட்டத்துஅம்மா

ரொம்ப நன்றி. கழிப்பறை பற்றியும் சொல்லுங்கள். பம்பர்ஸை எடுத்தால் தரையில் போகிறான். 'போகணுமா?' என்று கேட்டால் 'வேணாம்' என்கிறான், இரண்டு நிமிஷத்தில் காற்சட்டை நனைந்துவிடுகிறது.

---

பாதாம்பிசின்

கேட்காதீர்கள். 'வேணாம்' அவனுக்கு நன்றாக வரும் சொல், எதற்கும் அதைத்தான் சொல்வான். படத்தைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதல் 3 முதல் 5 நாள் வரை பயிற்சியே வேண்டாம், கணக்கு மட்டும். காலை எழுந்ததிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து, காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்று காகிதத்தில் குறியுங்கள். எப்போது தண்ணீர், மைலோ குடித்தான் என்பதும். ஐந்தாம் நாள் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். உதாரணமாக 70 நிமிஷத்துக்கு ஒருமுறை என்றால் 60ஆவது நிமிஷம் கூட்டிக்கொண்டு போங்கள். உட்காருவது 3 முதல் 5 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். வரவில்லை என்றால் எழுப்பிவிடுங்கள், திட்டு இல்லை. வந்தால் அந்த நொடியே அவனுக்கு மிகப் பிடித்தது. அந்தப் பிடித்ததை வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது, இதற்கு மட்டும்.

கெட்டுப்போகும் இடங்கள்:

மலச்சிக்கல். மூன்று நாளுக்கு ஒருமுறை கெட்டியாகப் போகிற பிள்ளைக்குக் கழிப்பறை என்றாலே வலி. அதை முதலில் கிளினிக்கில் சரிசெய்யாமல் பயிற்சி தொடங்கினால் வீண்.

கால் தொங்குவது. உட்காரும் கழிப்பறை என்றால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி, முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே வரும் உயரம். கால் ஊன்றாமல் முக்க முடியாது.

பாதி நாள் பம்பர்ஸ், பாதி நாள் இல்லை. இது அவனுக்கு விளங்காது. தூங்கும்போது போடலாம், அது தனிக் கணக்கு. விழித்திருக்கும்போது வீட்டில் ஜட்டிதான். பஸ்ஸில் போகிறோம் என்று மாட்டிவிட்டால் அன்றைக்கு முழுதும் குழப்பம்.

தண்ணீர் இழுக்கும் (ஃப்ளஷ்) சத்தம். சில பிள்ளைக்குப் பயமே அதுதான். அவன் வெளியே போன பிறகு இழுங்கள், வாரக்கணக்கில் மெல்லக் கதவோரம், பிறகு உள்ளே.

பள்ளியில் இருப்பது பெரும்பாலும் குந்தி உட்காரும் கழிப்பறை, ஈரத் தரை, வேறு வாடை. வீட்டில் நன்றாகப் போகிறவன் பள்ளியில் மதியம்வரை அடக்கிக்கொள்வான், பஸ்ஸில் விட்டுவிடுவான். வீட்டில் ஓரளவு நின்றதும் கோயில், எண்ணெய் நிலையம், தாத்தா வீடு என்று இரண்டு மூன்று இடத்தில் பழக்குங்கள். பள்ளி திறக்கும் முன் ஒரு மத்தியானம் அந்தப் பள்ளிக் கழிப்பறைக்கே கூட்டிப் போக அனுமதி கேளுங்கள்.

சீருடைக் காற்சட்டையின் கொக்கியையும் ஸிப்பையும் தையல்காரரிடம் கொடுத்து எடுத்துவிட்டு, இடுப்பில் எலாஸ்டிக் போடச் சொல்லுங்கள். வெளியே பார்க்க வித்தியாசம் தெரியாது. கொக்கி கழற்றுகிற அந்த அரை நிமிஷத்தில்தான் நிறைய பேருக்கு நனைகிறது. புதுச் சீருடையை ஐந்தாறு முறை துவைத்துக் கஞ்சி போன பிறகு போடுங்கள், கழுத்துப் பட்டி லேபிளை வெட்டுங்கள்.

---

பெராத்தூர்

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை: பாஷை.

வீட்டில் தமிழ் பேசாதீர்கள், ஒரே பாஷை பேசுங்கள் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டு பாஷை கேட்பதால் ஆட்டிசப் பிள்ளையின் பேச்சு மேலும் பின்தங்கும் என்று ஆய்வுகளில் காணவில்லை. பாட்டி, சித்தப்பா எல்லோரும் தமிழில் பேசும் வீட்டில் அம்மா மட்டும் தட்டுத் தடுமாறி மலாயில் பேசினால், பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சுதான் குறையும்.

ஆனால் வகுப்பு மலாயில் நடந்தால் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் 'கக்கூஸ்', பள்ளியில் 'தண்டாஸ்'. இரண்டும் ஒன்று என்று அவனுக்கு யார் சொன்னது? ஆசிரியர் தினமும் சொல்லும் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: டுடோக் (உட்கார்), துங்கு (காத்திரு), பெராத்தூர் (வரிசையில் நில்), ஹாபிஸ் (முடிந்தது), சிம்பான் (எடுத்து வை), மாக்கான் (சாப்பிடு), தண்டாஸ், தோலோங் (உதவி). ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். வீட்டிலும் பள்ளியிலும் அதே படம். வீட்டில் படத்தைக் காட்டித் தமிழில் சொல்லுங்கள், சில முறை மலாயிலும். படம் ஒன்றாக இருந்தால் சொல் மாறினாலும் பிடித்துக்கொள்வான்.

படம் காட்டினால் பேசச் சோம்பல்படுவான் என்பதும் தவறு. பேச்சை அது தடுப்பதில்லை. சோறு, மைலோ படம் எல்லோரும் வைக்கிறார்கள். அதைவிட அவசரம் 'வலிக்கிறது', 'உதவி', 'போதும்', 'சத்தம்'. இந்த நான்கும் இல்லாத பிள்ளை அதைக் கடித்தும் தலையை இடித்தும்தான் சொல்வான்.

காசு பற்றி இப்போதைக்கு ஒன்று மட்டும். எண்ணத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். 1 வெள்ளி, 5 வெள்ளித் தாள் பிளாஸ்டிக், ஓரிடத்தில் கண்ணாடி மாதிரி வெளிச்சம் தெரியும். 10, 20, 50, 100 காகிதம். தொட்டே பிரிக்கப் பழக்கலாம். பிற்பாடு கடையில் '3 வெள்ளி 40 காசு' என்றால் 3ஐ எடுத்து இன்னும் ஒன்று சேர்த்து 4 நீட்டினால் போதும், மீதியைக் கடைக்காரர் தருவார். கூட்டல் கழித்தல் தெரியாமலே பொருள் வாங்க இது போதும்.

---

ஆறாவதுகட்டை

தோட்டம் என்றதும் எனக்கு முதலில் தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது. ஆலைக் கழிவுக் குளம், பெரிய காண் (சாக்கடை), ஆறு. ஆட்டிசப் பிள்ளைகள் பலர் சொல்லாமல் நடந்துவிடுவார்கள், பலருக்குத் தண்ணீர் மேல் ஆசை, ஆபத்து என்ற பயம் குறைவு. காணாமல் போனால் வீட்டுக்குள்ளும் கோயிலிலும் தேடி நேரத்தைக் கடத்தாமல் பக்கத்தில் இருக்கும் தண்ணீருக்கு ஆளை ஓட்டுங்கள், பிறகு மற்ற இடம். கூடவே 999 அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

வாசல் கதவில் அவன் கை எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், திறந்தால் கிலுங்குகிற மாதிரி மணி. மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்), மளிகைக்கடைக்காரர், லோரி ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் அவன் படத்தைக் காட்டி, 'பேரைக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், கையைப் பிடித்து நிறுத்துங்கள்' என்று சொல்லி வையுங்கள். சட்டையின் உள்பக்கம் தொலைபேசி எண். வெளிப்பக்கம் வேண்டாம். நீச்சல் கற்றுக்கொடுக்க முடிந்தால் நல்லது, ஆனால் அதை நம்பி தாழ்ப்பாளை எடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. குணமாக்கித் தருகிறேன் என்று சொட்டு மருந்து, உடம்பிலிருந்து உலோகம் இறக்கும் மருந்து (கீலேஷன்), விலை உயர்ந்த மாத்திரை விற்பவர்கள் பஹாவ் வரைக்கும் வருவார்கள். உலோகம் இறக்கும் மருந்து பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. அந்தக் காசில் மாதம் ஒருமுறை சிரம்பானுக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போய் வரலாம்.

---

தோட்டத்துஅம்மா

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை ஜேகேஎம் போகிறோம். கழிப்பறைக் கணக்கு இன்றிலிருந்து. கிளிப் வாங்கப் போகிறேன், கடையில் கலர் கலராக இருக்கிறது. எதை வாங்குவது?

---

பாதாம்பிசின்

ஒரே கலர். பல கலர் வாங்கினால் கலர் வாரியாக அடுக்க ஆரம்பித்துவிடுவான், குளியல் நடக்காது.